ஏழில் செவ்வாய்

ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் போய் சத்யபாமா வீடு எது என்று கேட்டால், "யாரு, மூலம் பாமாவா?" என்று திருப்பிக் கேட்கிறவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவளுக்கு ஐம்பது வயதாகிறது. திருவெறும்பூரில் பாய்லர் குழாய் செய்கிற ஒரு பட்டறையில் இருபத்தாறு வருஷமாக வேலை. வெல்டிங் வைத்த இடத்தை எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா, காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு குழாயும் வெளியே போகாது. ஒரு தடவை முதலாளியே வந்து நின்று, "போட்டு விடுங்கம்மா, லாரி காத்துக்கிட்டு இருக்கு" என்று கெஞ்சியும் போடாதவள். இதெல்லாம் வீதிக்குப் பொருட்டில்லை. அவள் பிறந்த நட்சத்திரம்தான் பொருட்டு.

எழுபத்தைந்தாம் வருஷம், பங்குனி மாதம், பகல் ஒன்று பத்துக்குப் பிறந்தாள். அந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் கடக ராசி உதித்துக்கொண்டிருந்தது. எது உதிக்கிறதோ அதுதான் லக்னம். ஆகவே கடக லக்னம். சந்திரன் தனுசு ராசியில், மூல நட்சத்திரத்தின் முதல் பாதத்தில் இருந்தது. லக்னத்தை ஒன்றாம் வீடாக வைத்து எண்ணினால் ஏழாம் வீடு மகரம். கல்யாணத்தைப் பற்றி அந்த வீடுதான் சொல்லுமாம். அங்கே செவ்வாய் உட்கார்ந்திருந்தது. இவ்வளவுதான் அவள் செய்த குற்றம். அதையும் அவள் செய்யவில்லை, செவ்வாய் செய்தது.

மூலத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனார் தங்கமாட்டார். ஏழில் செவ்வாய் இருந்தால் புருஷன் தங்கமாட்டான். இரண்டும் சேர்ந்த பெண் ஒரு வீட்டுக்குள் கால் வைத்தால் அந்த வீட்டு ஆண்கள் வரிசையாகப் பாடையில் போவார்கள் என்று வரன் பார்க்க வந்தவர்கள் முடிவு கட்டினார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள், காபி சாப்பிட்டார்கள், பெண் படித்திருக்கிறாளா என்று கேட்டார்கள், ஊருக்குப் போய்க் கடிதம் போட்டார்கள். 'பொருத்தம் அமையவில்லை.' பதினேழு கடிதம் அப்படி வந்தது. மூத்த அண்ணன் கோபு ஒவ்வொன்றையும் பிரித்து, தங்கை முகத்தைப் பார்க்காமல் படித்துவிட்டு மடித்து வைப்பான்.

பதினெட்டாவது ஆள் பிரஹலாத். அவன் வரன் பார்க்க வந்தவன் இல்லை. பாலக்கரையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. காலையில் ஒரே பஸ்ஸில் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆளுக்கொரு திசையில் போகிறவர்கள். ஒன்றரை வருஷம் பேசிப் பேசி, அவனே ஒரு நாள் சொன்னான்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன் பாமா. அவளுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. ஜாதகம் சும்மா சம்பிரதாயத்துக்குத்தான்."

சம்பிரதாயத்துக்கு வாங்கிக்கொண்டு போன ஜாதகத்தை அவன் அம்மா சித்திரை வீதியில் வைத்தமாநிதி ஜோசியரிடம் காட்டினாள். ஒரு வாரத்தில் ஜாதகம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஜோசியர் எழுதியிருந்தார்: 'மூலம் 1. ஏழில் செவ்வாய். சேர்க்க வேண்டாம்.'

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பிரஹலாத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அப்பாவுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எல்லாரும் உன்னைத்தானே சொல்வா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"உங்க அப்பாவுக்கு இருபது வருஷமா சர்க்கரை. போன வருஷம் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணினா. அப்போ நான் உங்க ஆத்து வாசல்லகூட நின்னதில்லையே?"

"கோபப்படாதே."

"கோபமெல்லாம் இல்லை. உங்க பஸ் வந்துடுத்து, போங்கோ."

அவன் ரோகிணி நட்சத்திரத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இருந்ததாம். கல்யாணமான ஐந்தாம் மாதம் அவன் அப்பா போய்ச் சேர்ந்தார். ரோகிணியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "அவர் வேளை வந்துடுத்து" என்றார்கள். சத்யபாமா அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகவில்லை. திருவெறும்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் ஜோசியம் படித்தாள். பக்தியாலோ ஆசையாலோ இல்லை. தன்னை அடித்தது எந்தக் கை என்று பார்த்துவிட வேண்டும் என்கிற வீம்பு. பஞ்சாங்கங்கள் வாங்கினாள், பழைய ஜோசியப் புத்தகங்கள் வாங்கினாள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவளுக்கு மூன்று வாரத்தில் லக்னம் கணிக்க வந்துவிட்டது. பூமி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பன்னிரண்டு ராசியும் அடிவானத்தில் ஏறி முடிகின்றன, ஆகவே ஒரு லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு ராசியை ஒன்பதாகப் பிளந்தால் நவாம்சம், அது பதின்மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை மாறும். பிறக்கும்போது சந்திரன் எந்த நட்சத்திரத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை வைத்து எந்தக் கிரகத்தின் திசை முதலில் நடக்கும், அதில் எவ்வளவு பாக்கி என்று சொல்லிவிடலாம். நூற்றிருபது வருஷத்தை ஒன்பது கிரகமும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இதுவரை அவளுக்கு ஒரு சண்டையும் இல்லை. வானத்தைக் கண்ணால் பார்த்து, இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டு வைத்தவர்கள் மேல் மரியாதைகூட வந்தது. அந்தக் கணக்கின் முதுகில் ஏறிச் சவாரி செய்கிற பலன் என்கிற சமாசாரம்தான் அவளுக்குக் குமட்டியது.

ஒரு புத்தகம், கடக லக்னக்காரருக்கு ஏழில் செவ்வாய் இருந்தால் தோஷமே இல்லை என்றது. இன்னொன்று, தோஷம் உண்டு, ஆனால் உச்சம் பெற்றதால் பாதி என்றது. மூன்றாவது, லக்னத்திலிருந்து மட்டும் பார்த்தால் போதாது, சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணிப் பார் என்றது. இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு என்று ஐந்து வீட்டில் எதில் செவ்வாய் இருந்தாலும் தோஷம். அப்படி மூன்று இடத்திலிருந்தும் எண்ணினால், பத்துப் பேரில் எட்டுப் பேர் மாட்டிக்கொள்வார்கள் என்று அவள் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எட்டுப் பேருக்கு இருப்பதற்குப் பெயர் தோஷமா? மூக்கு, காது மாதிரி அதுவும் ஒன்று என்று விட்டுவிட வேண்டியதுதானே?

அவளுக்குச் சுக்கிர திசை ஆறு வயதில் தொடங்கி இருபத்தாறில் முடிந்திருந்தது. கல்யாணம், வாகனம், சுகம் எல்லாம் தருகிற திசை. இருபது வருஷத்தில் சுக்கிரன் அவளுக்குக் கொடுத்தது ஒரு டிகிரியும் ஒரு பஸ் பாஸும். ஒரு விதி பொய்த்தால் அதற்கு விலக்கு உண்டு, விலக்கும் பொய்த்தால் விலக்குக்கு விலக்கு உண்டு என்பதைக் கற்றுக்கொண்டதும் புத்தகங்களை அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிட்டாள். படத்தில் விரிசல் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்று கையெழுத்துப் போடுகிறவளுக்கு இந்த வழவழா தொழில் தொழிலாகவே படவில்லை.

போன வருஷம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோபு வந்தான். தில்லை நகரில் வீடு கட்டிக்கொண்டு போய்ப் பத்து வருஷம் ஆகிறது. காரணமில்லாமல் வருகிறவன் இல்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டான்.

"மேகனாவுக்கு ஒரு இடம் வந்திருக்கு பாமா. தேசிக்னு பேர். அவளும் அவனும் சென்னையில ஒரே ஆபீஸ். பையனோட அம்மா ஜாஹ்னவி, இங்க கீழ அடையவளஞ்சான் வீதிதான். நல்ல மனுஷா."

"அப்புறம் என்ன? பண்ணு."

"ஜாதகத்தை முதல்ல வைத்தமாநிதிகிட்ட காட்டினேன்."

சத்யபாமா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் சிவப்பு மையைப் படித்தவன் இவன்தான்.

"வேற ஜோசியரே கிடைக்கலையா அண்ணா உனக்கு?"

"ஜாஹ்னவி ஆத்துல அவர் சொன்னாத்தான் எடுபடும். அவர் என்ன சொல்றார்னா, மேகனா ஆயில்யம், அது மாமியாருக்கு ஆகாது, ஜாஹ்னவி கேட்டா பேச்சையே எடுக்கமாட்டா. பிறந்த நேரம் ஆறு நாப்பதுன்னு சரியாத்தான் எழுதினேளா, ஏழரையா இருக்கப்போறது, யோசிச்சுப் பாருங்கோன்னார். ஏழு இருபதுக்கு ஆயில்யம் முடிஞ்சு மகம் ஆரம்பிச்சுடறதாம்."

"ஆறு நாப்பதுதான். நான்தான் ஆஸ்பத்திரியில வெளியில நின்னேன். நர்ஸ் என்கிட்டதான் சொன்னா."

"தெரியும். நீ ஜாதகம் எழுதத் தெரிஞ்சவ. திசை இருப்பெல்லாம் பிசகாம, பார்க்கறவாளுக்குச் சந்தேகம் வராம நீ எழுதிக் கொடுத்தா..." கோபு நிறுத்திக்கொண்டான்.

"எனக்கு இதைப் பண்ணியிருக்கலாமே, அப்போ?"

"அப்பா சம்மதிக்கலை பாமா. பொய் ஜாதகம் பாவம்னுட்டார்."

இதை அவள் இதுவரை கேள்விப்பட்டதில்லை. யோசனை வந்திருக்கிறது, பேசியிருக்கிறார்கள், வேண்டாம் என்று முடிவும் பண்ணியிருக்கிறார்கள். அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அப்பாவின் நேர்மைக்கு அவள் வாழ்க்கையை விலையாகக் கொடுத்தாயிற்று. தன் பெண் என்றதும் கோபுவுக்கு அந்த நேர்மைகூட வேண்டியிருக்கவில்லை.

"நான் எழுதமாட்டேன்," என்றாள். "ஆனா உன்னோட அந்த ஆளைப் பார்க்க வரேன். வர்ற ஞாயிறு."

அந்த வாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். வைத்தமாநிதி இப்போது முன் மாதிரி இல்லை. வாட்ஸ்அப்பில் பிறந்த தேதி, நேரம், ஊர் அனுப்பினால் மூன்றாம் நாள் அவர் குரலிலேயே பலன் வந்துவிடும். சத்யபாமா தன் தேதியையும் தன் நேரத்தையும் அனுப்பினாள். பெயர் ஹரிஹரசுதன் என்று போட்டாள். மனைவி இல்லை, மறுமணத்துக்கு எங்கள் உறவில் ஒரு பெண்ணைக் கேட்கிறார், கொடுக்கலாமா என்று எழுதினாள்.

மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது. பட்டறைக் கேன்டீனில் ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"கடக லக்னம். இந்த லக்னத்துக்கு யோகத்தைக் கொடுக்கறவனே செவ்வாய்தான். அவன் ஏழாம் வீட்ல உச்சமா நிக்கறான். இதுக்கு ருசக யோகம்னு பேர். நாலு பேரை அதட்டி வேலை வாங்கப் பிறந்தவர். ஒன்பதுல குரு சொந்த வீட்ல. மூல நட்சத்திரம், ஆண் ஜாதகம், கேக்கணுமா? இவரைக் கைப்பிடிக்கற ஸ்த்ரீ கொடுத்து வச்சவள். கண்ணை மூடிண்டு முடிச்சுடுங்கோ."

தயிர் சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டாள். மறுபடியும் கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள். அதே வானம், அதே பகல் ஒன்று பத்து. பாவாடைக்குப் பதில் வேட்டி கட்டியிருந்தால் அவளுக்கு ராஜயோகம்.

ஞாயிற்றுக்கிழமை வைத்தமாநிதியின் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார்கள். உள்ளறையில் ஏ.சி., மேஜை மேல் லேப்டாப். ஜோசியருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பேசுவதற்கு முன் கண்ணை மூடித் திறக்கிற வழக்கம் அவருக்கு. கோபு குசுகுசுவென்று மேகனா விஷயத்தை ஆரம்பித்தான். சத்யபாமா ஃபோனை மேஜை மேல் வைத்து, சத்தத்தைக் கூட்டி, ஹரிஹரசுதனின் பலனைப் போட்டாள். முன்னறையில் பேச்சு நின்றது.

"இது உங்க குரல்தானே?"

"ஆமா. நல்ல ஜாதகம். இதுக்கு என்ன?"

அவள் சிவப்பு மை போட்ட பழைய ஜாதகக் காகிதத்தை எடுத்து விரித்தாள். "இதுவும் உங்க கையெழுத்துதானே? ரெண்டும் ஒரே ஜாதகம். ரெண்டும் என்னோடது."

வைத்தமாநிதி காகிதத்தைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"நீங்கோ பேரை மாத்தி அனுப்பியிருக்கேள்."

"பேரைத்தான் மாத்தினேன். செவ்வாயை மாத்தலை."

"ஸ்த்ரீ ஜாதகத்துக்கு விதி வேறம்மா. புருஷ ஜாதகத்துக்கு விதி வேற. சாஸ்திரமே அப்படித்தான் இருக்கு."

"அவ்வளவு தூரத்துல இருக்கற செவ்வாய்க்குக் கீழ பொறந்தது ஆணா பொண்ணான்னு தெரியுமா? கடக லக்னத்துக்கு ஏழாம் செவ்வாய் தோஷமில்லைன்னு உங்க புத்தகத்துலயே இருக்கே, அதை ஏன் அன்னிக்கு எழுதலை? மகரத்துல இருபத்தெட்டு பாகை உச்சம்னு பிரஹலாத் அம்மாகிட்ட ஏன் சொல்லலை?"

கோபு அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் உதறினாள். ஜோசியர் பதற்றப்படவில்லை. காகிதத்தை அவள் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

"சரிம்மா. நான் சேர்க்க வேண்டாம்னு எழுதினேன். உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"நீங்க எழுதினதாலதான் ஆகலை."

"ஆகலைதானே? அப்போ பலிச்சிருக்குன்னுதானே அர்த்தம்."

முன்னறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, இவனுக்கு ஜலத்தில் கண்டம் என்று அன்றைக்கே சொன்னேனே என்கிற வாயோடு என்ன பேசுவது? ஃபோனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் செருப்பு மாட்டும்போது ஜோசியர் கோபுவிடம் சொல்வது கேட்டது.

"தங்கைக்கு ராகு திசை நடக்கறது. அப்படித்தான் பேசச் சொல்லும். நீங்கோ மனசுல வச்சுக்காதேங்கோ."

அன்று சாயங்காலம் மேகனா சென்னையிலிருந்து கூப்பிட்டாள். குழந்தையிலிருந்து சத்யபாமா மடியில் வளர்ந்தவள். அத்தைக்கு நடந்தது அவளுக்கு வரி வரியாகத் தெரியும். இவளாவது கொதிப்பாள் என்று சத்யபாமா எதிர்பார்த்தாள்.

"அத்தை, ஏன் இவ்வளவு டென்ஷன்? அம்பது நிமிஷம்தானே? மாத்திட்டுப் போகட்டும்."

"பொய் மேகனா அது."

"ரெஸ்யூமேல எல்லாரும் ஒண்ணு ரெண்டு மாத்தத்தான் செய்றா. தேசிக்குக்கும் தெரியும், அவன் சிரிக்கறான். அவன் அம்மாவுக்கு ஒரு பேப்பர் வேணும், கொடுத்துட்டாப் போச்சு. நீங்களும் அன்னிக்கே இப்படிப் பண்ணியிருக்கலாம்."

சத்யபாமா, "சரி, வச்சுடறேன்" என்றாள். நம்புகிறவர்களைவிட, நம்பாமலே தலையாட்டுகிறவர்கள் மேல்தான் அன்றைக்கு அவளுக்கு அதிக வெறுப்பு வந்தது. ஜாஹ்னவியாவது மாமியாரைக் கொல்கிற நட்சத்திரம் ஒன்று உண்டு என்று மனதாரப் பயப்படுகிறவள்.

வைத்தமாநிதியே புது ஜாதகம் எழுதிக் கொடுத்தார். ஆயில்யம் மகமாயிற்று, கடக ராசி சிம்மமாயிற்று, புதன் திசை இருந்த இடத்தில் கேது திசை வந்தது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். தை மாதம் சமயபுரம் சாலையில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். ஜோசியருக்கு முதல் வரிசையில் நாற்காலி. சத்யபாமா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள், ஆரத்தி கரைத்தாள், பந்தியில் ரசத்துக்கு உப்பு போதவில்லை என்று சமையல்காரரிடம் போய்ச் சொன்னாள். தாலி முடிந்த கையோடு மேகனா அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது, கோபம் போகாமலே, அவள் கண்ணும் கலங்கியது.

பங்குனியில் ஒரு நாள் ஜாஹ்னவி வந்தாள். கையில் பழம், மஞ்சள் பை.

"மாட்டுப்பொண் வந்த வேளை, என் முழங்கால் வலி போயே போச்சு பாமா. மகம்னா மகம்தான். வைத்தமாநிதி சொன்னது அப்படியே பலிச்சுடுத்து."

ஆயில்யத்தின் புண்ணியத்தில் முழங்கால் சரியான மாமியாரைச் சத்யபாமா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் நாளைக்கே மேகனா வீட்டில் ரகளை. காபியை நீட்டினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்று ஜாஹ்னவி பையிலிருந்து ஒரு பழுப்பு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "அன்னிக்கு ஜோசியர் ஆத்துல நீங்க பாகை, உச்சம்னு போட்டு விளாசினேளாமே. அவரே வாயடைச்சுப் போயிட்டாராம். வீதியெல்லாம் பேச்சு. அவரைவிட உங்களுக்கு ஞானம் ஜாஸ்திங்கறா. என் தம்பி பையன் ஜாதகம் இது, கொஞ்சம் பாருங்கோளேன்."

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லை மாமி. அதைச் சொல்லத்தான் நான் அங்க போனேன்."

"தெரிஞ்சவா இப்படித்தான் அடக்கமாச் சொல்வா."

"அடக்கமெல்லாம் இல்லை. சுத்தப் பொய்ங்கறேன்."

ஜாஹ்னவி புன்னகையோடு நோட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் எதிர் வீட்டுக்காரர் வந்தார். அதற்கடுத்து மேலச்சித்திரை வீதியிலிருந்து முன்பின் தெரியாத இரண்டு பேர். பதினெட்டு வீட்டில் ஆகாத ஜாதகத்துக்குச் சொந்தக்காரியிடம் தங்கள் பெண்களின் ஜாதகத்தை நீட்டிக்கொண்டு, 'செவ்வாய் எங்கே இருக்கு பாருங்கோ' என்று நின்றார்கள். அவள் ஒவ்வொருவரையும் நிற்க வைத்தே திட்டி அனுப்பினாள். திட்டு வாங்கினவர்கள் திருப்தியாகப் போனார்கள்.

கடைசியில் ஒரு அட்டையில் 'இங்கே ஜாதகம் பார்ப்பதில்லை' என்று பெரிய எழுத்தில் எழுதி வாசல் கதவில் மாட்டினாள். கோவிலுக்குப் போகிற வழியில் அதைப் படித்துவிட்டு அன்றைக்கே மூன்று பேர் அழைப்பு மணியை அழுத்தினார்கள். போர்டு வைத்து மறுக்கிற அளவுக்குக் கூட்டம் வருகிறதென்றால் ஆள் கெட்டிக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதாம். சத்யபாமா அட்டையைக் கழற்றி இரண்டாகக் கிழித்தாள். ஜாஹ்னவியின் நோட்டைத் திருப்பிக் கொடுத்தனுப்ப ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.